ஓட்டல்தான், லாட்ஜ் இல்லை

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனது ஓட்டலுக்கு. லாட்ஜுக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் ஓட்டல் என்றால் பரோட்டா, சால்னா. மாமியாரோடு கூடப் போகலாம். லாட்ஜ் என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அந்தக் கட்டிடத்தில் ஒரு காலத்தில் சாப்பாடும் போட்டார்கள், படுக்க அறையும் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் வாசல் வளைவில் சிமெண்டில் செதுக்கி வைத்திருப்பது ஓட்டல் என்ற வார்த்தையை. செதுக்கியது நான் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் முள்ளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பழைய ரோட்டின் மேல் இருக்கிறது அது. வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வரும் துரைமார்கள் தங்குவதற்காக யாரோ ஒரு தோல் முதலாளி கட்டினாராம். நாலு வழிச்சாலை போட்டபோது ரோடு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. ஓட்டலால் தள்ளிப்போக முடியவில்லை, செத்துப்போனது. இப்போது ஷூ வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்கள் பெங்களூரில் தங்கிக்கொண்டு, காலையில் வந்து எங்கள் ஷூவைத் திட்டிவிட்டு, சாயந்திரம் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த ஓட்டலில் ஒரு நவாப் தங்கியிருந்தார் என்பார்கள். எந்த நவாப் என்று கேட்டால் கோபம் வரும். அங்கிருந்து வேலூர் கோட்டைக்குச் சுரங்கப்பாதை உண்டு என்றும் சொல்லுவார்கள். எங்கள் மாவட்டத்தில் நாலு செங்கல் பழசாகக் கிடந்தால் போதும், அங்கிருந்து வேலூர் கோட்டைக்குச் சுரங்கம் கிளம்பிவிடும். தரைக்கு அடியில் இத்தனை வழி இருந்தும், ஒரு மழை பெய்தால் தெருத் தண்ணீர் போக வழியில்லை.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவரிடம் குறை ஜாஸ்தி, நான் என்ன செய்ய.

கம்பெனியில் எனக்கு இரண்டு பேர் உயிர். ஒருத்தி மிஷின்காரி, ஆம்பூர் டவுன்காரி. மேல் தோலைத் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தால் அவள் கையும் நிற்காது, வாயும் நிற்காது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், போனில் ரீல்ஸ் போடுவாள். அவள் ரீல்ஸை அவள் தங்கச்சியும் நானும் தவறாமல் பார்க்கிறோம். இன்னொருத்தி பேஸ்டிங் டேபிளில் பசை தடவுகிறவள். என் ஊர், என் பக்கத்துத் தெரு, எங்களைவிட வயதில் சின்னவள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து லைன் முழுக்க அவளைக் கல்யாணப்பொண்ணு என்றுதான் கூப்பிட்டோம்.

மாப்பிள்ளை பள்ளிகொண்டா பக்கம். வேறு ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். டீ கூட குடிக்க மாட்டார் என்று தரகர் சொன்னார். எங்கள் பக்கத்துத் தரகர்கள் வாயில் எந்த மாப்பிள்ளையும் டீ குடித்ததே கிடையாது. இந்த ஜில்லாவில் இத்தனை டீக்கடை எப்படி ஓடுகிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

கல்யாணப்பொண்ணு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன். நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை. இது ஒன்றுதான். "வீட்ல என்ன 'அடியே'ம்பாங்க, 'இவளே'ம்பாங்க. கம்பெனிலதான்க்கா என்னப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து நானாவது பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று நினைத்தேன், பழக்கதோஷத்தில் கல்யாணப்பொண்ணு என்றே வந்தது.

மாப்பிள்ளை போனில் சரி என்று சொல்லிவிட்டாராம். "நீ எவ்ளோ நாள் வேணா போ. நானே பைக்ல கொண்டாந்து கம்பெனி பஸ்ஸு ஏத்தி வுடறேன்" என்றாராம். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் தலையை ஆட்டினாள். அதை அவள் எங்களிடம் சொன்னபோதெல்லாம் மிஷின்காரி கையெடுத்துக் கும்பிட்டு, "எங்கடி கெடைச்சாரு இந்த மனுஷன், இன்னொருத்தர் இருந்தா எனக்கும் சொல்லு" என்பாள். நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகை கூட அடிக்கக் கொடுத்தாயிற்று.

அந்த வியாழக்கிழமை எங்களுக்கு ஓ.டி. ஓவர்டைம். ஓ.டி. என்பது எங்கள் பெண்களுக்குக் கடவுள் கொடுத்த வார்த்தை. அந்த இரண்டு எழுத்தைச் சொன்னால் வீட்டில் கேள்வி கிடையாது. ஏன் லேட்? ஓ.டி. ஏன் குழம்பு வைக்கவில்லை? ஓ.டி. மூன்று பேரும் காலையிலேயே வீட்டில் ஓ.டி. சொல்லிவிட்டு வந்திருந்தோம். மத்தியானம் கண்டெய்னர் கிளம்பிவிட்டது, ஆர்டர் முடிந்தது, சாயந்திரம் ஓ.டி. கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி எனக்குக் கொடுத்த ஒரே பரிசு அது.

"வீட்ல ஓ.டி.ன்னு சொல்லியாச்சி. இப்பவே போயி இன்னாடி பண்ணப் போறோம், துணி தொவைக்கவா?" என்றாள் மிஷின்காரி.

"எங்கனா போலாங்க்கா" என்றாள் கல்யாணப்பொண்ணு. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் வெறி பிடித்துவிட்டது.

எங்கே போவது? சினிமாவுக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். பாலாற்றுக்குப் போனால் பார்ப்பதற்கு ஆறு இல்லை. கோயிலுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். மிஷின்காரி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். "அந்தப் பழைய ஓட்டலு! டெய்லி பஸ்ஸுலருந்து பாக்கறோமே, ஒரு நாளாவது உள்ள போயிருக்கோமா? ரீல்ஸு போட்டா பிச்சிக்கும்" என்றாள் அவள். ஓ.டி. முடிகிற நேரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அவரவர் ஊர் ஸ்டாப்பில் இறங்கிவிட வேண்டும், முகத்தைச் சோர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டோம். புருஷன்மார்கள் வீட்டுக்கு ஒரு நாள் கூட இவ்வளவு யோசித்துத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது சுற்றுச்சுவரில் இடிந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தோம். சீமைக்கருவேலம் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கார் வந்து நிற்பதற்குப் பெரிய போர்ட்டிகோ. அதன் தூண்களில் எங்கள் ஊர்க் காதலர்கள் எல்லோரும் ஆணியால் பேர் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே பையன் பேர் மூன்று வேறு வேறு பெண்களோடு இருந்தது. உழைப்பாளி. உள்ளே வரவேற்பறையில் பலகை, கதவு, ஜன்னல் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சாவி மாட்டுகிற கொக்கிகள் மட்டும் சுவரில் வரிசையாக இருந்தன. தரை மட்டும், ஐயோ, அந்தத் தரை! கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கல். மிஷின்காரி காலால் தூசியைத் தேய்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. மூன்று பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை, தானாகக் கை போயிற்று. உலகத்துக்கே ஷூ செய்து அனுப்புகிற நாங்கள், கண்ணாடிச் சில்லு கிடக்கிற ஒரு பாழுங்கட்டிடத்தில் வெறுங்காலோடு நடந்தோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது.

மாடியில் அறைகள். ஒரு அறையின் குளியலறையில் வெள்ளையாக நீளமாக ஒரு தொட்டி. கதவைவிட அகலம் என்பதால் திருடர்கள் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"தோலு வாங்க வந்தவனுங்க ரூமுலயே தோலு ஊறப் போட்டுப் பாத்தானுங்களா இன்னா?" என்று கல்யாணப்பொண்ணு நிஜமாகவே கேட்டாள்.

"அடிப் பாவி, அது குளிக்கிற தொட்டிடி! சினிமாவுல பாத்ததில்ல?" என்று மிஷின்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நானும் அதையேதான் நினைத்தேன். தொட்டி என்றால் எங்களுக்குத் தோல் ஊறுகிற தொட்டிதான். மனுஷனும் ஊறுவான் என்பது எங்கள் அனுபவத்தில் இல்லை. மிஷின்காரி அதற்குள் படுத்துக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து, "ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இன்னிக்கி நாம எங்க வந்திருக்கோம்னா" என்று ஆரம்பித்தாள். பல்லி ஒன்று அவள் தோளில் விழுந்தது. அந்த அலறலைப் போட்டிருந்தாலாவது ரீல்ஸ் ஓடியிருக்கும்.

அந்த அறைக்கு ஒரு பால்கனி இருந்தது. நேர் கீழே போர்ட்டிகோ. தூரத்தில் பாலாற்று மணல் சிவந்து கிடந்தது. கல்யாணப்பொண்ணு போய் அங்கே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, இந்த ரூம்புல ஒருத்தி தனியா தங்கலாமா? புருஷன், புள்ள யாரும் இல்லாம, சும்மா ஒரு நாளு?"

"தங்கி இன்னாடி பண்ணுவ?" என்றேன்.

"ஒன்னியும் பண்ண மாட்டேன். கதவ சாத்திக்கினு படுத்துனு இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு ஆசை கூடத் தோன்றவில்லை.

ஆம்பூர்ப் பக்கத்து மசூதியிலிருந்து பொழுது சாய்கிற நேரத்து மக்ரிப் பாங்கு கேட்டது. கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். அப்போதுதான் ஆற்றுப் பக்கத்து மண் தடத்தில் இரண்டு பைக்குகள் வந்து கீழே நின்றன. ஆண்கள் பேச்சுக் குரல், பாலிதீன் கவர் சரசரப்பு, கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். மூன்று பேர் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தார்கள். வெளியே போக இருக்கிற ஒரே வழியில் சபை கூட்டிவிட்டார்கள். சரித்திரப் புகழ் பெற்ற அந்தச் சுரங்கப்பாதையை அப்போது யாராவது காட்டியிருந்தால் நான் வேலூர் கோட்டை வரைக்கும் தவழ்ந்தே போயிருப்பேன்.

கீழே ஒருவனுடைய போன் அடித்தது.

"ஆங், சொல்லும்மா. ஓ.டி.ம்மா... ஆமா, இன்னிக்கி லேட்டாவும். இன்னாது? மிஷினு ஓடுதும்மா, ஒன்னும் கேக்கல, வச்சிடறேன்."

அந்த அமைதியில் ஒரு சில்வண்டு கூடக் கத்தவில்லை. மிஷின்காரி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு முட்டியது. நம் வார்த்தையை இந்த ஆம்பளைகளும் திருடிவிட்டார்களே என்று அவளிடம் ஜாடை காட்டத் திரும்பினேன். கல்யாணப்பொண்ணு சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. "அவருதான்க்கா" என்றாள், சத்தமே வராமல். தினம் ராத்திரி போனில் கேட்கிற குரல், அவளுக்குத் தெரியாதா?

டீ கூட குடிக்காதவர் பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. அது கூடப் பரவாயில்லை. எந்த ஊரில் இல்லாதது. அப்புறம்தான் ஒரு சினேகிதன் கேட்டான்.

"இன்னா தோஸ்த், பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேங்குதாமே?"

"சொல்லிக்கினு கீது. சரின்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப வேணான்னா பேஜாராயிடும், கல்யாணம் நின்னுடும். தாலி ஏறட்டும். ஒரு கொழந்த ஆனா தானா நின்னுடும்."

"நிக்கலன்னா?"

"எங்கம்மா இருக்காங்க இல்ல? நிக்க வச்சிடுவாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு கூட இல்லை அது. பஸ்ஸில் சீட்டு பிடித்துவிட்டேன் என்று சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்லன் மாதிரி பேசியிருந்தால் கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

கல்யாணப்பொண்ணு எழுந்து செருப்பைக் காலில் மாட்டினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "வாணாண்டி. பேசாம இரு. அவங்க போவட்டும், நாம அப்புறம் போலாம். உன்ன இங்க பாத்தா அசிங்கமாயிடும்" என்று காதில் சொன்னேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் படியிறங்கினாள். லைனில் ஒரு நாள் கூட சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்க்காத பெண். மிஷின்காரி செருப்பைக் காலில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அதை எதற்காகக் கையில் வைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை துள்ளி எழுந்து பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பேய் என்று நினைத்திருப்பார். பேயாக இருந்திருந்தால் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பார்.

"நீ... நீ இன்னா இங்க?"

"ஓ.டி." என்றாள் கல்யாணப்பொண்ணு.

சினேகிதர்களில் ஒருவன் மரியாதை தெரிந்தவன். பதற்றத்தில் மிக்சர் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டி, "வாங்க சிஸ்டர், உக்காருங்க" என்றான். மிஷின்காரி அவனை முறைத்தாள். அவன் பொட்டலத்தை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"மேல இருந்து கேட்டுனுதான் இருந்தேன்" என்றாள் கல்யாணப்பொண்ணு. "எங்கிட்ட சொன்னது பொய்யா, இவங்ககிட்ட சொன்னது பொய்யா? ரெண்டுல ஒன்னு சொல்லுங்க. எதுனாலும் பரவால்ல."

"அட, ஃப்ரெண்ட்ஸுங்ககிட்ட சும்மா ஒரு கெத்துக்கு சொல்றதுதான்..."

"அப்போ உங்கம்மாவுக்கு இப்ப போன் போடுங்க. என் பொண்டாட்டி வேலைக்குப் போவான்னு சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் அவர் ஒரு எண்ணை அழுத்தியிருந்தால் நான் இன்றைக்கு அவர் கல்யாணத்தில் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். அழுத்தவில்லை. அப்புறம் திடீரென்று புத்தி வந்தவர் போல நிமிர்ந்து, "மொதல்ல நீ இத சொல்லு. வெளக்கு வைக்கிற நேரத்துல ஒரு பொம்பளப் புள்ளைக்கு இங்க இன்னா வேல?" என்றார். குரலில் சூப்பர்வைசர் வந்துவிட்டான்.

அவள் பதில் சொல்லாமல் நடந்தாள். நான் சும்மா வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "தம்பி, ஓ.டி.ய ஒழுங்கா முடிச்சிட்டுப் போங்க, மிஷினு ஓடுது பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஷேர் ஆட்டோவில் அவள் அழவில்லை. என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். வீட்டில் சொல்லுடி என்றேன். எப்படிச் சொல்வாள்? மாப்பிள்ளை சொன்னதைச் சொன்னால் எங்கே கேட்டாய் என்று வரும். எங்கே என்று சொன்னால் ஓ.டி. பொய் வெளியே வரும். அதோடு அவள் அப்பா வேலையை நிறுத்திவிடுவார். சொல்லாமல் இருந்தால் கல்யாணம் நடக்கும், மாமியார் நிறுத்திவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் பறிபோவது அவள் வேலைதான். அடுத்த இரண்டு நாளும் பேஸ்டிங் டேபிளில் அவள் பசையைத் தாறுமாறாகத் தடவினாள். என் டேபிளுக்கு வந்த அவளுடைய ஷூக்களை நான் பார்க்காத மாதிரி தள்ளிவிட்டேன். பையர் மன்னிக்கட்டும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் தாய்மாமனும் அம்மாவும் கல்யாணப்பொண்ணு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வரவில்லை, உடம்பு சரியில்லையாம். கூடப் போனவள் என்று என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். கல்யாணப்பொண்ணு உள் கதவோரம் தலையைக் குனிந்து நின்றாள். அவள் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நிலத்தில் நின்று வேலை செய்கிற மனுஷன், அன்றைக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார்.

"ஒழுக்கமான பொண்ணுன்னு நம்பி வந்தோம்" என்று ஆரம்பித்தார் தாய்மாமன். "வெளக்கு வைக்கிற நேரத்துல லாட்ஜுல பாத்திருக்கான் எங்க பையன். லாட்ஜுல! சொல்லவே நாக்கு கூசுது." கூசுகிற நாக்கை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை இன்னும் இரண்டு தடவை சொன்னார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஓட்டலுங்க அது. பாழடைஞ்ச ஓட்டலு" என்றேன்.

"ரூம்பு இருந்தா அதுக்குப் பேரு லாட்ஜுதாம்மா" என்றார். ஓட்டல் என்று சொன்னால் பழி போதாது என்று அவருக்குத் தெரியும். வார்த்தையைத் தேடிப்பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிடலாம், குறை தங்கள் பக்கம் இல்லை என்றும் சொன்னார்.

அப்போது சமையற்கட்டிலிருந்து கல்யாணப்பொண்ணின் அம்மா டீ டம்ளர் தட்டோடு வந்தார். வந்தவர்கள் முன்னால் ஒரு நாளும் வாய் திறக்காதவர் அவர். தட்டைக் கீழே வைக்காமலேயே நின்றார்.

"அண்ணே, எனக்கு ஒன்னு புரியல. லாட்ஜுல எம்பொண்ண உங்க புள்ள பாத்துச்சின்னா, லாட்ஜுக்கு உங்க புள்ள இன்னாத்துக்குப் போச்சி?"

தாய்மாமன் ஓட்டல் என்றே சொல்லியிருந்தால் பரோட்டா வாங்கப் போனான் என்று சமாளித்திருக்கலாம். "அது... ஆம்பளப் புள்ள, ரோட்டுல போவும்போது பாத்திருப்பான்" என்றார்.

"ரோட்டுலருந்து பாத்தா முள்ளுதாங்க தெரியும், உள்ள இருக்கற ஆளு தெரியாது" என்றேன் நான்.

"இது நடந்தது எந்தக் கெழமை?" என்று மாப்பிள்ளையின் அம்மா திடீரென்று கேட்டார். அதுவரை அவர் பேசவில்லை.

"வியாழக்கெழம" என்றேன்.

"வியாழக்கெழம அவனுக்கு ஓ.டி. ஆச்சே. நான் போன் போட்டேனே. மிஷினு ஓடுது, கேக்கலன்னானே." அந்த அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார். "ஏன்டா, இன்னாடா இது?"

"நீ சும்மா இரு, அக்கா" என்றார் தாய்மாமன்.

அப்போதுதான் கல்யாணப்பொண்ணு கதவோரத்திலிருந்து வெளியே வந்தாள். "நானும் ஓ.டி.ன்னு பொய் சொல்லிட்டுதான் போனேன்" என்றாள். "ஓட்டலச் சுத்திப் பாக்கப் போனேன். அங்க அவரு குடிச்சினு இருந்தாரு. அதுக்காவல்லாம் நான் ஒன்னும் சொல்லல. வேலைக்குப் போலாம்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாரு. தாலி ஏறட்டும், எங்கம்மா நிறுத்திடுவாங்கன்னு ஃப்ரெண்டுங்ககிட்ட சொன்னாரு. நீங்க நிறுத்த வாணாம். நானே சொல்றேன், எனக்கு அவரு வாணாம்." ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். எழுந்து கட்டிப்பிடித்திருப்பேன், சபை என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் டீயைக் குடிக்காமல் போனார்கள். போகும்போது அந்த அம்மா தம்பியைவிட நாலடி முன்னால் வேகமாக நடந்தார். மாப்பிள்ளைக்கு வீட்டில் உடம்பு நிஜமாகவே சரியில்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சி போச்சி. நாளையிலருந்து நீ வேலைக்கிப் போவ வாணாம்." கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். கல்யாணப்பொண்ணு என்னைப் பார்த்தாள். அவ்வளவு பேசினவள் முகத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.

அவள் அம்மா குடிக்காமல் ஆறிப்போன டீயை ஒவ்வொரு டம்ளராக ஒரே பாத்திரத்தில் ஊற்றினார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"காலைல கம்பெனி பஸ்ஸு சீக்கிரம் வந்துடும்" என்று மகளிடம் சொன்னார். "தொவைச்சிப் போட்ட உன் கம்பெனிக் கோட்டு இன்னும் காயல. கொல்லையில ஈரமா தொங்குது பாரு. எடுத்தாந்து ஃபேனுக்கு அடியில போடு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. மெதுவாகக் கொல்லைப் பக்கம் போய், கோட்டை எடுத்துவந்து, நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். கோட்டின் கை இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கின. கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்பா எழுந்துபோய் ஃபேன் ஸ்விட்சைப் போட்டார்.